மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: தீவனத்தில் தொடங்கும் கணக்கு

ஜல்லிப் பாத்தியில் ஒரு சதுர மீட்டர் கீரை செழிக்க வேண்டுமென்றால், அதோடு இணைந்த தொட்டியிலுள்ள மீன்கள் நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் தின்றாக வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டை என்று காய்ப்பவை வைத்தால் 50 முதல் 80 கிராம். வீட்டு அக்வாபோனிக்ஸில், அதாவது மீன் கழிவு கலந்த தண்ணீரிலேயே செடி வளர்க்கும் முறையில், தொட்டியின் கொள்ளளவு, மீன் எண்ணிக்கை, மோட்டார் எல்லாவற்றையும் இந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போட்டால்தான் கணக்கு நேராகும். முதலில் தொட்டியை வாங்கிவிட்டு அப்புறம் அதற்கேற்ற மீனையும் செடியையும் தேடுகிறவர்கள்தான் ஆறாவது மாதத்தில் வெளிறிய கீரையோடும் கலங்கிய தண்ணீரோடும் நிற்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் இரண்டு பாத்திகள், இரண்டிலும் கீரை. தீவனம் 80 முதல் 100 கிராம். கால் கிலோவை எட்டிய மீன் நாளுக்குத் தன் எடையில் 2 சதவீதம் அளவுக்குத் தின்னும். ஆக 5 கிலோ மீன், அதாவது கால் கிலோவில் 20 மீன். இதற்கு 500 லிட்டர் தொட்டி போதும். 1000 லிட்டருக்கு 10 கிலோ என்ற விகிதம். 20 கிலோ வரை அடர்த்தி ஏற்றுகிறவர்களும் உண்டு. தனி வடிகட்டியும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இல்லாத வீட்டில் அது வேண்டாத துணிச்சல்.

32 சதவீதப் புரதமுள்ள தீவனம் 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அமோனியா தண்ணீரில் சேர்கிறது. பெரும்பங்கு செவுள் வழியாகவே வெளியேறுவதால் அதை வலை போட்டு அள்ள முடியாது. ஜல்லியில் ஒட்டி வளரும் நைட்ரசோமோனஸ் என்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் வகைகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். செடிக்கு உணவு இந்த நைட்ரேட். அமைப்பு முழுவதிலும் சேர்த்து மொத்தத் தண்ணீர் 750 லிட்டர் என்று வைத்தால், பாக்டீரியா ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தாலே அமோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மி.கி.) ஏறிவிடும். மருந்து, ப்ளீச்சிங் பவுடர், குளோரின் தண்ணீர் எதுவும் பாத்திக்குள் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே வைப்பது

மொட்டைமாடி என்று பலரும் முடிவு செய்துவிட்டே வருகிறார்கள். 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பிய ஒரு சதுர மீட்டர் ஜல்லி மட்டுமே சுமார் 450 கிலோ. தண்ணீர் நிறைந்தால் 550. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியக் கட்டுமான விதிகள் கணக்கில் எடுக்கும் புழங்குசுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஜல்லிக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை போட்டாலும் தண்ணீரோடு 200 கிலோவைத் தாண்டும், விலையும் கடிக்கும். பீம் எங்கே ஓடுகிறது, சுவர் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பொறியாளர் இல்லாமல் மாடியில் ஜல்லிப் பாத்தி வைக்காதீர்கள். வீட்டுப் பக்கவாட்டு, கார் நிறுத்தும் இடத்தின் ஓரம், கொல்லை இவையே மேல். நாளுக்கு 5, 6 மணி நேர வெயில் பாத்திக்கு வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்.

20 மி.மீ. கருங்கல் ஜல்லி (கடையில் முக்கால் இன்ச் ஜல்லி) சரியான அளவு. அரை இன்ச்சுக்குக் கீழே போனால் இடுக்கு அடைக்கும். ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது, வேண்டாம். தூள் போகும்வரை கழுவாமல் கொட்டினால் தொட்டி பல நாள் பால் போலக் கிடக்கும்.

தண்ணீர் ஓடும் வழி

மீன் தொட்டியிலேயே மோட்டாரைப் போட்டுப் பாத்திக்கு ஏற்றுவது எளிது. ஆனால் 22 செ.மீ. உயரம் நிரம்பிய பாத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 லிட்டரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக நிரம்பினால் 500 லிட்டர் தொட்டியில் 300தான் மிச்சம். அதனால் தாழ்வாக ஒரு சம்ப் தொட்டி, குறைந்தது 300 லிட்டர், வைத்துவிடுவது நல்லது. மோட்டார் சம்ப்பில் இருக்கும். அது மீன் தொட்டிக்கு ஏற்றும்; தொட்டி நிரம்பி வழிவது பாத்திகளுக்குப் போகும்; பாத்தி வடிவது சம்ப்புக்குத் திரும்பும். மீன் தொட்டியின் மட்டம் மாறவே மாறாது. குழாய் உடைந்தாலும் மீன் தரையில் துடிக்காது.

வழியும் குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்குங்கள். அப்போதுதான் அடியில் தங்கும் கழிவு மேலேறிப் பாத்திக்குப் போகும். குழாயின் உச்சியில் காற்றுக்கு ஒரு துளை விடாவிட்டால் அது சைபனாகித் தொட்டியைக் காலி செய்துவிடும். உயரம்: சம்ப் 40 செ.மீ.; பாத்தி மூன்று வரிசை ஹாலோ பிளாக் மேல், அதாவது 60 செ.மீ. உயரத்தில், தொட்டி ஒரு வரிசை பிளாக் மேல், வழியும் மட்டம் 105 செ.மீ.க்குக் குறையாமல்.

தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒருமுறை மாற வேண்டும், அதாவது 500 லிட்டர். அட்டையில் '1000 லிட்டர்' என்று போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது தருகிற அளவு. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது அது பாதிக்கும் கீழே வரலாம். 2000 லிட்டர், 2.5 மீட்டர் ஏற்றம் என்று இருப்பதை வாங்கி, மிகுதியை ஒரு பால் வால்வு வழியாகச் சம்ப்புக்கே திருப்பி விடுங்கள். அந்த விழுகையில் காற்றும் கலக்கும். 35 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதம் 25 யூனிட்.

பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானே இழுத்து வடிக்கும் பெல் சைபனுக்கு: நடுக்குழாய் 25 மி.மீ. பிவிசி, பாத்தித் தரையிலிருந்து 22 செ.மீ. அதன்மேல் கவிழ்க்கும் மணி 75 மி.மீ. குழாய், 25 செ.மீ., உச்சியில் எண்ட் கேப் ஒட்டியது, அடியில் எதிரெதிராக 4 செ.மீ. அகலமும் 1.5 செ.மீ. உயரமும் உள்ள இரு வெட்டுகள். ஜல்லி உள்ளே வராமல் தடுக்க 110 மி.மீ. குழாயில் ஹேக்ஸா பிளேடால் கீறல் போட்டு வெளிச்சுற்றாக நிறுத்துங்கள். ஜல்லி 30 செ.மீ. இருப்பதால் மேல் 5 செ.மீ. எப்போதும் காய்ந்திருக்கும், பாசி பிடிக்காது, தண்டும் அழுகாது.

சைபன் செய்யும் தொல்லைகள் இரண்டே. ஒன்று, தொடங்காது: தண்ணீர் நடுக்குழாயின் விளிம்பில் கசிந்து இறங்கிக்கொண்டே இருக்கும், பாத்தி நிரம்பியபடியே நிற்கும். வரத்து போதவில்லை என்று பொருள். நடுக்குழாய் உச்சியில் ஒரு ரெடியூசரை, அகன்ற வாய் மேலே இருக்கும்படி, புனல் போல வையுங்கள், வெளியேறும் முனையில் இரண்டு எல்போ போடுங்கள். எண்ட் கேப்பில் ஊசித்துளை இருந்தாலும், வெளியேறும் முனை சம்ப் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் இதே கோளாறு வரும். இரண்டாவது, நிற்காது: அடிமட்டத்தில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கொடகொடத்துக்கொண்டே ஓடும். வரத்தைக் குறையுங்கள், மணியின் அடியிலிருந்து 1.5 செ.மீ. மேலே 1 செ.மீ. துளை ஒன்று போடுங்கள். எல்லாம் செய்தும் அடங்கவில்லையென்றால் மணியை எடுத்துவிட்டு, நடுக்குழாயின் அடியில் 6 மி.மீ. துளையிட்டு, மோட்டாரை 15 நிமிடம் ஓட்டி 45 நிமிடம் நிறுத்தும் டைமர் மாட்டுங்கள். அப்போது ஏர் பம்ப் மட்டும் இடைவிடாமல் ஓட வேண்டும். அழகு குறைவு, நம்பகம் அதிகம். புதினாவைச் சைபனுக்குப் பக்கத்தில் நடக் கூடாது. அதன் வேர் எந்தக் கீறலிலும் நுழையும்.

மீனுக்கு முன் பாக்டீரியா

தண்ணீரை ஓடவிட்டு, 750 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் யூரியா கரைத்து ஊற்றினால் சில நாளில் அமோனியா 2 பிபிஎம் அளவுக்கு வரும். பழைய மீன் தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் பாக்டீரியா விரைவாகக் குடியேறும். அமோனியா இறங்கியதும் மறுபடி அதே அளவு. முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அது விழுந்து நைட்ரேட் ஏறும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம். 2 பிபிஎம் அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். அத்தோடு யூரியாவை மறந்துவிடுங்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போதும் நைட்ரைட் மீனைக் கொல்லும்.

அடுத்த தடுமாற்றம் குஞ்சு விட்ட பிறகு வருகிறது. 10 கிராம் குஞ்சு 20 விட்டால் மொத்தம் 200 கிராம். எடையில் 5 சதவீதம் என்றாலும் நாளுக்குத் தீவனம் 10 கிராம். அது கால் சதுர மீட்டர் கீரைக்குத்தான் வரும். இரண்டு பாத்தி முழுக்க நட்டுவிட்டு இலை மஞ்சளாகிறதே என்று உரம் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு மூலையில் வல்லாரையும் பசலையும் மட்டும் நட்டு, மீன் வளர வளரப் பாத்தியை விரியுங்கள். மீன் 50 கிராமைத் தாண்டியதும் ஒரு பிடி மண்புழுவைப் பாத்தியில் விடுங்கள், திடக்கழிவை அவை பார்த்துக்கொள்ளும்.

எந்த மீன்? திலேப்பியா (நம் சந்தையில் ஜிலேபி) மிகவும் தாங்கும் மீன். ஆனால் இந்தியாவில் அதை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கட்லா, ரோகுவுக்கு 500 லிட்டர் சிறை. மின்தடை அதிகமுள்ள ஊரில் காற்றை நேரே சுவாசிக்கும் விரால், பனையேறிக் கெண்டை பொருத்தம். ஆனால் விராலுக்கு 40 சதவீதப் புரதம் வேண்டும், மிதக்கும் தீவனத்துக்குப் பழகிய குஞ்சாகக் கேட்டு வாங்க வேண்டும், தொட்டிமேல் வலை இல்லையென்றால் தாவிவிடும். மீன் சாப்பிடாத வீடு என்றால் கோய் கெண்டை. கீரைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

வெயில், மின்தடை, போர் தண்ணீர்

30 டிகிரி தண்ணீர் அதிகபட்சம் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மி.கி. 5 கிலோ மீன் மணிக்குச் சுமார் 1500 மி.கி. இழுக்கும். 7 மி.கி.யிலிருந்து 3க்கு இறங்க 500 லிட்டரில் இருப்பது 2000 மி.கி.; மோட்டாரும் காற்றும் நின்றால் ஒரு மணி 20 நிமிடத்தில் ஆபத்து. தீவனம் போட்ட கையோடு கரண்ட் போனால் இன்னும் முன்னதாகவே. பேட்டரியில் தானே மாறி ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று, இரண்டு ஏர் ஸ்டோனோடு, கட்டாயம். மே மாதத்தில் தொட்டிமேல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். 34 டிகிரியைத் தாண்டும் நாளில் தீவனத்தைப் பாதியாக்கி, காலையில் மட்டும் போடுங்கள்.

போர் தண்ணீர் பல இடங்களில் பிஎச் 8ஐ ஒட்டியே இருக்கும். அதில் இரண்டு கேடுகள். 28 டிகிரியில், நச்சான தனி அமோனியாவின் பங்கு பிஎச் 7இல் ஒரு சதவீதத்துக்கும் கீழ்; பிஎச் 8இல் ஆறு சதவீதத்துக்கு மேல். டெஸ்ட் கிட்டில் ஒரே எண் வந்தாலும் அபாயம் ஒன்றல்ல. அடுத்தது இரும்புப் பற்றாக்குறை: புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அன்னபேதி உப்பைத் தண்ணீரில் போட்டால் துருவாகி அடியில் படிந்துவிடும், பயனில்லை. உரக்கடையில் இடிடிஎச்ஏ வகை இரும்புச் செலேட், 6 சதவீதம், கேட்டு வாங்கி 750 லிட்டருக்கு 25 கிராம் கரைத்து விடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தண்ணீர் செந்நிறமாகும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

சரியான தீர்வு மழைநீரைப் பாதிக்குப் பாதி கலப்பது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடிக் குழாய் எப்படியும் இருக்கும். அதில் ஒரு டிரம் வையுங்கள். முழுக்க மழைநீருக்கே போனால் கதை தலைகீழாகி பிஎச் சரிந்துகொண்டே வரும், 6க்குக் கீழே பாக்டீரியா மந்தமாகும். அப்போது கிளிஞ்சலை வலைப்பையில் கட்டிச் சம்ப்பில் தொங்கவிடுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் உப்பு மிகுந்தது, வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள்.

மாடித்தோட்டப் பழக்கத்தில் வேப்பெண்ணெயும் சோப்பும் அடித்துவிடாதீர்கள். சொட்டும் நேராகத் தொட்டிக்கே போகும், இரண்டும் மீனுக்கு ஆகாது. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் தண்ணீரில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். அசுவினியைப் பீய்ச்சும் தண்ணீரால் அடித்துத் தள்ளுங்கள், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, புழுவுக்கு பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா தெளிப்பு. சம்ப்பில் நாலைந்து கப்பி விட்டால் கொசுப்புழு வராது. தீவனத்தை மலிவென்று 25 கிலோ மூட்டையாக வாங்க வேண்டாம். 100 கிராம் வீதம் அது எட்டு மாதம் வரும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தால் மீனின் ஈரல் கெடும். மூன்று மாதத்துக்கானதை வாங்கி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.