கறுப்பு வெள்ளைப் பேய்களுக்குப் பூசிய பச்சையும் சிவப்பும்

1930களில் வந்த ஹாலிவுட் பேய்ப்படங்கள் இன்றைக்கு யாரையும் பெரிதாகப் பயமுறுத்துவதில்லை. பத்து வயதுப் பிள்ளைகூடச் சிரித்துவிட்டுப் போகும். ஆனால் அந்த முகங்களை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. பஞ்சு, பசை, முடி, சாயம். கையில் இருந்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் பார்த்துக்கொண்டது.

எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி, 1931ல் பாரமவுண்ட் எடுத்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. டாக்டர் ஜெகிலாக நடிக்கும் ஃபிரெட்ரிக் மார்ச், கொடியவனான ஹைடாக மாற்றும் மருந்தைக் குடித்ததும், கட் எதுவும் இல்லாமல், நம் கண்ணெதிரே முகம் இருண்டு கோடு விழும். இயக்குநர் ரூபன் மமூலியன் இந்த ரகசியத்தைப் பல வருடம் வெளியே விடவில்லை. (அந்தக் காட்சியில் கேட்கும் இதயத்துடிப்பும் அவருடையதுதான், படிக்கட்டில் ஏறி இறங்கிவிட்டு வந்து பதிவு செய்தாராம்.)

விஷயம் இதுதான். மார்ச்சின் முகத்தில் நிழல்களையும் சுருக்கங்களையும் முன்கூட்டியே சிவப்பில் வரைந்துவிடுவார்கள். லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் இருக்கும்வரை தோலும் சிவப்புச் சாயமும் ஏறக்குறைய ஒரே வெளுப்பாகப் பதியும், வரைந்தது தெரியாது. ஃபில்டரை மெல்ல நகர்த்திப் பச்சைக்குக் கொண்டுவந்தால் சிவப்பு கறுத்துப்போகும், வரைந்தது எல்லாம் மேலே வரும். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இதையே 1925ன் 'பென்-ஹர்' படத்தில் திருப்பிச் செய்திருக்கிறார்: அங்கே தொழுநோய்ப் புண்கள் மறையும். சிவப்பை உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் இல்லாமல் இது நடக்காது. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு எப்போதுமே கறுப்புத்தான்.

இதை இன்று வீட்டிலேயே செய்யலாம், ஃபில்டர்கூட வேண்டாம். முகத்தில் சிவப்பு லிப்ஸ்டிக்கால் நிழல்களைப் பூசி, கலரில் எடுத்துவிட்டு, டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ஆர்ஜிபி மிக்சரை (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) திறந்து மோனோக்ரோமை, அதாவது கறுப்பு வெள்ளையை, டிக் செய்யுங்கள். தொடக்கத்தில் சிவப்பு 1, மற்றவை 0. கீஃபிரேம் (எந்த விநாடியில் எந்த அளவு என்ற குறி) போட்டு, நாலைந்து விநாடியில் சிவப்பை 0க்கும் பச்சையை 1க்கும் கொண்டுபோங்கள். அப்படியே விட்டால் முகம் மொத்தமும் இருண்டு குட்டு வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் தோல் பச்சை ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்புகிறது. பச்சையை 1க்குச் சற்று மேலே ஏற்றி அதைச் சரிக்கட்ட வேண்டும். பின்னால் சிவப்புத் திரையோ செங்கல் சுவரோ இருந்தால் அதுவும் சேர்ந்து கறுக்கும். சாம்பல் சுவர்தான் பத்திரம். மெல்லிய கோடு வேண்டாம். போன் கேமரா நிறத்தை முழு நுணுக்கத்தோடு பதிவதில்லை, கோடு பிசிறடிக்கும். விரலால் தேய்த்த நிழலாகப் பூசுங்கள்.

லிப்ஸ்டிக் எந்தச் சிவப்பு? வெள்ளைக்காரத் தோலுக்குப் பளிச்சென்ற சிவப்பு ஒத்துப்போகும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது தோலைவிட வெளுப்பாகத் தெரிந்து, ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மெரூன் பக்கம் போங்கள். கன்னத்தில் நாலு ஷேடு தீற்றி, சிவப்புச் சேனலை மட்டும் வைத்துப் பார்த்து, எது காணாமல் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யூனிவர்சல் ஸ்டுடியோவின் மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ் வேறு வழியில் போனார். 1931ன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் மிருகமாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு அவர் பூசியது பச்சை கலந்த சாம்பல் சாயம். நேரில் பார்த்தால் விநோதமாக இருந்திருக்கும். ஃபிலிமில் அது பிண வெளுப்பு. தட்டையான மண்டைக்கும் காரணம் வைத்திருந்தார்: உள்ளே மூளை வைக்க வேண்டுமானால் எலும்பை நேராக அறுத்துத் திறப்பதுதான் சுலபம், திறந்ததை மூடினால் தலை அப்படித்தான் இருக்கும். கழுத்தில் இருப்பதைப் பலர் போல்ட் என்கிறார்கள். அது மின்சாரம் ஏற்றும் முனை. கண்ணிமையில் மெழுகு வைத்து அரைக்கண் ஆக்கினார்கள். ஒரு பக்கக் கன்னம் குழிந்திருப்பது சாயமே இல்லை: கார்லாஃப் தன் பல்செட்டைக் கழற்றிவிட்டார்.

அந்த நெற்றி, பஞ்சும் கொலோடியனும் (ஈதர் கலந்த, காய்ந்தால் படலமாகும் திரவம்) அடுக்கடுக்காக ஏற்றியது. கிட்டத்தட்ட நாலு மணி நேர வேலை, அதுவும் ஒவ்வொரு ஷூட்டிங் நாளும் புதிதாக. பஞ்சைக் கத்தரியால் வெட்டக்கூடாது, பிய்க்க வேண்டும். பிய்த்தால்தான் ஓரம் இழை இழையாகத் தோலோடு படியும், வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியும். ஓர் அடுக்கு முழுக்கக் காயாமல் அடுத்ததை ஏற்றினால், உள்ளே சிக்கிய ஈதர் வெளியே வரப் பார்த்து, கொப்புளித்து உரிந்துவிடும். கொலோடியன் காயும்போது சுருங்கித் தோலையும் இழுக்கும், தழும்பு செய்ய அதனால்தான் இன்றும் அதை வாங்குகிறார்கள். கண்ணருகே வேண்டவே வேண்டாம். நெருப்புப் பக்கமும் ஆகாது.

1932ன் 'தி மம்மி'க்கு எட்டு மணி நேரம் ஆனது. அந்தத் துணிச்சுற்று உருவம் திரையில் வருவதோ தொடக்கத்தில் கொஞ்ச நேரம்.

1941ன் 'தி உல்ஃப் மேன்' முகத்துக்கு யாக் எருமை முடி. தாடையின் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி, மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மூடும்படி. ஸ்பிரிட் கம் என்ற மேக்கப் பசையைப் பூசிய உடனே முடியை வைத்தால் வழுக்கும். விரல் நுனியில் ஒட்டிப் பார்த்து, பிசுபிசுப்பு ஏறியபின் வைக்க வேண்டும். பிறகு பியர்ஸ் சூடான இரும்பால் முடியைக் கருக்கிச் சுருட்டுவார். ஓநாய் மனிதனாக நடித்த லான் சேனி ஜூனியருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தப் படத்தில் மனிதன் ஓநாயாகும்போது காலைத்தான் காட்டுவார்கள். முகம் மாறுவது கடைசியில், அதுவும் ஓநாயிலிருந்து மனிதனாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேக்கப்பை மாற்றி, கொஞ்சம் படம்பிடித்து, டிசால்வால் (ஒரு படம் மங்க அடுத்தது மேலே தெளிவது) இணைத்தது. தலை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் தாடை இரண்டாகத் தெரியும்.

1948ல் ஃபிராங்கன்ஸ்டைன் மிருகம் திரும்ப வந்தபோது முகம் ஃபோம் ரப்பர். பியர்ஸ் அதற்குள் யூனிவர்சலை விட்டுப் போயிருந்தார். வேலை சுருங்கியது உண்மை, தினமும் ஒரே முகம் கிடைத்ததும் உண்மை. ஆனால் ரப்பருக்குக் கீழே நடிகரின் முகம் அசைவது தெரியவில்லை. 1931 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கூரைச் சன்னல் திறந்து வெளிச்சம் விழும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், அத்தனை பஞ்சுக்கு நடுவிலும் கார்லாஃபின் முகம் தவிப்பது தெரியும்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: ஸ்பிரிட் கம்மைப் பிய்த்தெடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ரிமூவரில் நனைத்த பிரஷை ஓரத்திலிருந்து உள்ளே விட்டு, ஊறவிட்டு, தானாக விடும்வரை பொறுங்கள்.