தென்றல் அடித்தால் தேவசித்தமா?

"விசா ஒரே வாரத்தில் வந்தது. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. அந்த ஞாயிறு பாஸ்டரும் அதே வசனத்தைத்தான் பிரசங்கித்தார். ஆகவே இது தேவசித்தம்." சாட்சி நேரத்தில் மைக் பிடிக்கிறவர்களிடம் இந்த மூன்றும் ஏறக்குறைய இதே வரிசையில் வரும். விசா தாமதமானவர்களை நாம் மைக் பிடிக்க விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். கிரேத்தா தீவில் 'நல்ல துறைமுகம்' என்ற இடத்தில் கப்பல் நிற்கிறது. யூதரின் உபவாச நாள் கழிந்துவிட்டது; கடற்பயணத்துக்கு ஆபத்தான பருவம். கிளம்ப வேண்டாம் என்கிறான், கைதியாக ரோமாவுக்குக் கொண்டுபோகப்படும் பவுல். நூற்றுக்கு அதிபதி யூலியு மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புகிறான். அப்போதுதான் "தென்றல் மெதுவாயடித்தபடியால், தாங்கள் கோரினது கைகூடிவந்ததென்று எண்ணி" கிளம்புகிறார்கள். அடுத்த வசனத்திலேயே யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதுகிறது. கோரினது கைகூடுவதும் தேவன் அனுப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் குறைவு. நினிவேக்குப் போ என்ற தேவனுடைய கட்டளையை விட்டு ஓடிய யோனாவுக்கும் யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது; கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது.

ஆனால் 27-ஆம் அதிகாரத்தின் சாரம் அந்தத் தென்றல் மட்டுமல்ல. மனித விருப்பமும் தேவனுடைய திட்டமும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன என்பதை, தத்துவம் பேசாமல், ஒரு பயணக் குறிப்பாகவே எழுதி வைத்திருக்கிறான் லூக்கா. கதையை நான்கு அதிகாரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். 23:11-இல் கர்த்தர் பவுலுக்குச் சொல்லிவிட்டார்: ரோமாவிலும் நீ சாட்சி கொடுக்க வேண்டும். விடிந்ததும் 40-க்கும் மேற்பட்ட யூதர்கள் அவனைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று சபதம் செய்கிறார்கள். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறதே என்று பவுல் சும்மா இருக்கவில்லை. செய்தி கொண்டுவந்த சகோதரியின் மகனைச் சேனாபதியிடம் அனுப்புகிறான். அன்றிரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் துணையோடு செசரியாவுக்குக் கொண்டுபோகப்படுகிறான். அங்கே இரண்டு வருஷம் சிறை. பிறகு "இராயனுக்கு அபயமிடுகிறேன்", அதாவது என் வழக்கை ரோமச் சக்கரவர்த்தியே விசாரிக்கட்டும் என்று தானே சட்டப்படி கேட்கிறான். அபயமிடாமல் இருந்திருந்தால் விடுதலை பண்ணியிருக்கலாமே என்று 26:32-இல் அகிரிப்பா ராஜா சொல்கிறான். ரோமாவுக்குப் போக வேண்டும் என்பது தேவனுடைய திட்டம். அங்கே போக வழி திறந்தது பவுல் யோசித்து எடுத்த ஒரு முறையீடு.

இனி புயல் நடுவே. கப்பலில் மொத்தம் 276 பேர். ஒருவருக்கும் பிராணசேதம் வராது என்று தேவதூதன் சொல்லியாகிவிட்டது. 14-ஆம் இரவில் ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), கொஞ்சம் தள்ளி 15 பாகம். நான்கு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் முன்புறத்திலும் நங்கூரம் போடுவதுபோல் பாவனை செய்து, படவை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் சொல்கிறான்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." வாக்கு உறுதி, அதே மூச்சில் 'இராவிட்டால்' என்ற நிபந்தனை. இரண்டில் எதையும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. சேவகர் கயிற்றை அறுக்கிறார்கள்.

இதை எப்படிப் பொருத்துவது என்று சபை காலங்காலமாக வாதாடிக்கொண்டிருக்கிறது. மனித விருப்பம் சுதந்திரமானதா என்பதில் எராஸ்மஸும் லூத்தரும் 1524, 1525-இல் மோதினார்கள். 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கம், இரட்சிப்பு தேவன் முன்குறித்த தெரிந்துகொள்ளுதலால் என்ற கால்வின் வழியை உறுதி செய்தது. வெஸ்லி வந்து அதை மறுத்தார். 1947-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது கால்வின் மரபில் வந்த பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் வெஸ்லியின் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த வாதம் தீர்ந்துதான் உட்கார்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வாதம் தீராமலே வாழ்க்கையில் முடிவெடுக்க முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம்மிடம் குழப்பம் 'சித்தம்' என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. தலையெழுத்து என்று நம் முன்னோர் சொன்ன இடத்தில் பலர் இந்தச் சொல்லை அப்படியே வைத்துவிட்டோம். ஆள் மாறவில்லை, சட்டை மாறியிருக்கிறது. வேதம் நேரடியாக 'இதுவே தேவனுடைய சித்தம்' என்று சொல்லும் இடங்களை எடுத்துப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3: நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும். 5:18: எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்த வரன் என்பது அங்கே இல்லை. உபாகமம் 29:29 மறைவானவை கர்த்தருக்கு, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கு என்று கணக்கை முடித்துவிடுகிறது. நாமோ வெளிப்படுத்தப்பட்டதை ஓரமாக வைத்துவிட்டு மறைவானதைத் துருவிக்கொண்டிருக்கிறோம். 1 கொரிந்தியர் 7:39-இல் விதவைக்குப் பவுல் சொல்வது, தனக்கு இஷ்டமானவனை விவாகம் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் "கர்த்தருக்குட்பட்டவனையே" என்பது. வேலி ஒன்றுதான். வேலிக்குள் இஷ்டம். அந்த வேலியில் சாதி என்ற முள்கம்பியைக் கட்டியது நாம். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று வரன் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பூர்வீகம் விசாரித்து, "தேவசித்தம் இல்லை போலிருக்கிறது" என்று முடிப்பது எந்த வேதாகம முறையிலும் சேராது.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டை வரும். எடுத்துப் படியுங்கள், பைபிளில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதை வைத்து வேலையை விடுவதுதான் தப்பு. அதிகம் அச்சாகும் எரேமியா 29:11, எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது; அதாவது கடிதத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகப்போவதில்லை. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று சொல்லியிருந்தான். ஜனங்களுக்குப் பிடித்தது அதுதான். எரேமியா சொன்னது வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று. அட்டையில் இந்தப் பகுதி வராது. சீட்டுப் போட்டு வசனம் எடுக்கும் வழக்கம் நம் ஊரோடு நிற்பதுமில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊர் மொராவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1731 முதல் வருஷத்துக்கான தினவசனங்களைச் சீட்டுப் போட்டு எடுத்து அச்சிட்டு வருகிறார்கள். கல்யாணத்தையும் சீட்டால் தீர்மானித்து வந்தவர்கள், 1818-இல் பொது உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள்.

அடையாளம் கேட்பவர்கள் கிதியோனின் தோலைப் பிடித்துக்கொள்கிறார்கள்: தரை காய்ந்திருக்க, களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும் என்று நியாயாதிபதிகள் 6-இல் அவன் கேட்டது. கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. தோல் போட்டது தெரியாததால் அல்ல, பயத்தால். ஆதியாகமம் 24-இல் ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் வேறு வகை. தண்ணீர் கேட்டால் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்லும் பெண். பத்து ஒட்டகங்கள், தாகமெடுத்த ஒரு ஒட்டகம் 100 லிட்டர் வரைகூடக் குடிக்கும். குடத்தைத் தோளில் வைத்துக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் எத்தனை நடை என்று கணக்குப் போடுங்கள். அந்த அடையாளத்துக்குள்ளேயே குணப் பரீட்சை இருக்கிறது. 'நாளைக்குள் மூன்று வெள்ளைக் கார் பார்த்தால் சரி' என்பதில் அப்படி ஒன்றுமில்லை. இவ்வளவும் நடந்த பிறகும் ரெபெக்காளைக் கூப்பிட்டு, போகிறாயா என்று கேட்டார்கள். "போகிறேன்" என்றாள்.

தீர்க்கதரிசனம் என்று யாராவது வந்து சொன்னால் 1 தெசலோனிக்கேயர் 5:20-21-ஐ முழுசாகக் கடைப்பிடிக்க வேண்டும்: அற்பமாய் எண்ணாதே, சோதித்துப் பார். அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னான், அது நடந்தது. 'ஆகவே போகாதே' என்ற முடிவு சுற்றியிருந்தவர்களுடையது. தகவல் எது, அதிலிருந்து ஆட்கள் இழுத்த முடிவு எது என்று பிரித்துக் கேளுங்கள். 1 இராஜாக்கள் 13-இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷன், தனக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதை விட்டு, பெத்தேலின் கிழவனான தீர்க்கதரிசி "தூதன் சொன்னான்" என்றதை நம்பி உயிரை இழந்தான்.

சரி, எப்படித்தான் முடிவெடுப்பது? நான் பார்த்தவரை ஒழுங்கான முறை கத்தோலிக்க மரபில் இருக்கிறது: இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்தது, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்தது. புராட்டஸ்டண்டுகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்க வேண்டும். 'கர்த்தர் என்னை எங்கே அனுப்புகிறார்' என்று கேட்டால் வருஷக்கணக்கில் ஜெபிக்கலாம். 'துபாய் ஆஃபருக்கு இந்த மாதம் 30-க்குள் ஆமாவா இல்லையா' என்று எழுதுங்கள். பாவமான காரியம் பட்டியலுக்கே வரக்கூடாது. இரண்டுமே நல்லதாகவோ நடுநிலையாகவோ இருந்தால்தான் இந்த முறை பொருந்தும். அடுத்தது இதில் கடினமான இடம்: தராசு முள்போல எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது. சம்பளத்தை மனதில் முடித்துவிட்டு ஜெபத்துக்குப் போனால், தேவனை நம் முடிவுக்கு இழுத்து வருகிறோம். இப்படிச் செய்பவர்களை இஞ்ஞாசியார் பெயர் சொல்லாமல் நன்றாகவே கடிந்திருக்கிறார். பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி: போனால் நன்மை, போனால் கேடு, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் கேடு. பலர் முதல் பத்தியையும் நான்காவதையும் மட்டும் நிரப்புவார்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்பவை. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், எடை பாருங்கள். 'குழந்தைகளின் அப்பா வருஷத்துக்கு 11 மாதம் வீட்டில் இல்லை' என்ற ஒரு வரி, எதிர்ப்பக்கத்து ஏழு வரிகளைவிடக் கனமாக இருக்கலாம்.

அதன்பின் மூன்று கற்பனைகள். முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க ஆசைப்படுவேன்? நியாயத்தீர்ப்பு நாளில்? முதல் கேள்வியே பாதிப் பேருக்குப் போதும். அடுத்தவருக்குப் புத்தி சொல்வதில் நாம் யாரும் குறைந்தவர்களல்ல. கடைசியாக, எடுத்த முடிவை ஜெபத்தில் கொண்டுபோய் வைத்துச் சில நாள் பொறுக்க வேண்டும். மனம் வறண்டு, சோர்ந்து கிடக்கும் நாட்களில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்பது அவருடைய விதி. உபவாசத்தின் மூன்றாம் நாள் மாலை, தலைசுற்றலோடு ராஜினாமா மெயில் அனுப்புகிறவர்கள் இதை எழுதி ஒட்டிக்கொள்ளலாம். 14 நாள் பட்டினி கிடந்தவர்களைப் பவுல் கப்பலில் முதலில் சாப்பிட வைத்தான்.

'மனதில் சமாதானம் இருக்கிறது' என்பதை மட்டும் நம்பாதீர்கள். புயலில் கப்பலின் கீழ்த்தட்டில் யோனா அயர்ந்து தூங்கினான். பவுலுக்கோ துரோவாவில் கர்த்தரே கதவைத் திறந்திருந்தும் மனதில் அமைதலில்லை, தீத்துவைக் காணவில்லை. கிளம்பி மக்கெதோனியாவுக்குப் போய்விட்டான். திறந்த கதவை விட்டுப் போனதற்கு 2 கொரிந்தியர் 2-இல் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜெபத்தால் தெரிந்துகொள்ள வேண்டாதவற்றை விசாரித்தே தெரிந்துகொள்ளுங்கள். வளைகுடா வேலையென்றால் ஏஜென்ட் இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவானவரா, ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளமும் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று பார்ப்பது அவிசுவாசம் அல்ல. மூன்று பேரிடம் ஆலோசனை கேளுங்கள்: அந்தத் துறையை அறிந்தவர், உங்களை அறிந்தவர், உங்கள் முடிவால் எந்த லாபமும் இல்லாதவர். முழுநேர ஊழியத்துக்கு வரச்சொல்லி அழைக்கும் ஊழியரை மூன்றாமவராக வைக்க முடியாது. கல்யாணத்துக்குத் திருச்சபையே ஒரு சோதனையை வைத்திருக்கிறது: ஓலை வாசிப்பது. மூன்று ஞாயிறு, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று சபை நடுவே கேட்கிறார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அச்சிட்டு, 600 பேருக்குச் சாப்பாடு சொல்லிவிட்டு ஓலை வாசித்தால் யார் எழுந்து நிற்பார்கள்?

முடிவு தப்பாகிப் போனவர்களுக்கு இஞ்ஞாசியார் ஒரு வேறுபாடு வைக்கிறார். வேலை, ஊர் போன்றவை மாற்றக்கூடியவை. ஒழுங்கில்லாமல் எடுத்த முடிவென்றால் ஒழுங்காகத் திரும்ப எடுக்கலாம். திருமணமும் குருத்துவமும் மாற்ற முடியாதவை; தேர்ந்த விதம் தப்பாயிருந்தால் அதற்காக மனம் வருந்தி, இனி அதற்குள் நன்றாக வாழ வேண்டும். 'தேவசித்தத்தைத் தவறவிட்டேன், இனி எனக்கு இரண்டாந்தர வாழ்க்கைதான்' என்று அவர் யாரையும் அனுப்பிவிடவில்லை.

கப்பலிலும் அப்படித்தான் நடந்தது. கிரேத்தாவை விட்டுக் கிளம்பாமல் இருந்திருக்க வேண்டும் என்று பவுல் 27:21-இல் ஒரே ஒருமுறை சொல்கிறான். அடுத்த வசனம் திடமனதாயிருங்கள் என்று தொடங்குகிறது. கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று. நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டார்கள். 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். மூன்று மாதம் கழித்து, அங்கே மழைகாலத்தைக் கழித்த ஒரு அலெக்சந்திரியா கப்பலில் ஏறி ரோமாவுக்குப் போனார்கள்.