ஹார்டனிங் முடிந்து வரும் டை

"ஒரே ஒரு ஓட்டைதானுங்களே, போட்டுக் குடுத்துருங்க." சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கையில் டி2 என்ற கருவி எஃகில் செய்த டை, அதாவது தகட்டை அடித்து வடிவம் எடுக்கும் அச்சு, இருக்கும். ஹார்டனிங், அதாவது சூடேற்றிக் கடினமாக்கும் வேலை, முடிந்து கடினத்தன்மை 60 ராக்வெல் தொட்டிருக்கும். அதற்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் சாதாரண டிரில் பிட்டே இறங்கியிருக்கும். இப்போது வைத்தால் வழுக்கும், முனை நீலம் பாய்ந்து மழுங்கும். கார்பைடு பிட் இறங்கும்தான். ஆனால் மெஷின் துளி ஆடினாலும் உள்ளேயே முறிந்துகொள்ளும். எங்கள் பழைய மெஷினை நம்பி நான் அதில் கை வைப்பதில்லை.

அப்புறம் மின்பொறியால் உலோகத்தை அரித்துத் துளை போடும் ஸ்பார்க் மெஷின்தான். 1943இல் சோவியத் நாட்டின் லசரென்கோ தம்பதி, ஸ்விட்ச் முனைகளைத் தீப்பொறி அரிப்பதைத் தடுக்க வழி தேடினார்கள். தடுக்க முடியவில்லை, அந்த அரிப்பையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்!

பித்தளைக் குழாய் சுழன்றபடி இறங்கும், அதன் நடுவே தண்ணீர் அழுத்தத்தோடு பாயும். குழாய் எஃகைத் தொடுவதே இல்லை. இடைவெளியில் பாயும் ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் உலோகத்தை உருக்கி எடுக்கும். எவ்வளவு கடினம் என்பது பொறிக்குப் பொருட்டில்லை; மின்சாரம் கடத்துமா, எந்தச் சூட்டில் உருகும் என்பதுதான் கணக்கு. டங்ஸ்டன் கார்பைடிலும் துளை விழும், நேரமும் குழாயும் கூடுதலாகச் செலவாகும். மின்சாரம் கடத்தாத அலுமினா பீங்கானைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஆம்பியரைக் கூட்டத்தான் கை போகும். ஆழம் போகப்போக, உருகித் தெறித்த துகள் மேலே வராமல் தேங்கும். அதன் வழியே பொறி பக்கவாட்டில் பாய்ந்து துளை அகன்று சரியும். கரன்ட்டைக் கூட்டினால் சுவர் சொரசொரப்பாகும், உருகி மறுபடி உறைந்த தோலும் தடிக்கும். அந்தத் தோலில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். மேலிருந்து குத்தும் பஞ்சிடம் நாளெல்லாம் அடி வாங்கும் டையில் விரிசல் கிளம்புவது அங்கிருந்துதான். அதனால் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் அழுத்தத்தை. ஆம்பியர் அப்புறம்.

கடைசி இழைதான் தொல்லை. குழாய் அடிப்பக்கம் எட்டிப் பார்த்ததும் தண்ணீரெல்லாம் கீழே ஓடிவிடும், துகளைக் கழுவ ஆளில்லை. சீராக இருந்த சத்தம் திக்கித் திணறும், துளையின் அடிவாய் கோணலாகும். டைக்கு அடியில் ஒரு வேஸ்ட் எஃகுத் தகட்டை இடைவெளியில்லாமல் இறுக்கிவிட்டால் அந்த வம்பு இல்லை. பொறி தகட்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம்.