நெட் பூச்சியியல்: யார் யாரை, எந்தப் பருவத்தில்?

ஏ.எஸ்.ஆர்.பி நெட் (வேளாண் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. வேளாண் பூச்சியியலில் தேறிவிட்டேன். இனி கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாரும் "அடுத்து என்ன?" என்று கேட்க மாட்டார்கள். எப்படிப் படித்தேன் என்று ஜூனியர்கள் ஆளுக்கொரு கேள்வி அனுப்புகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். தேர்வு முறை, தகுதி, விண்ணப்பம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். "நாலாயிரம் ஒன்-லைனர்" என்று ஒரு பிடிஎஃப் காசுக்கு விற்கிறார்கள். அதில் எலாஸ்மஸ் என்ற குளவி ஒரு பக்கத்தில் புழு ஒட்டுண்ணி (புழுவின் மேலோ உள்ளேயோ வளர்ந்து அதைக் கொல்வது), சில பக்கம் தள்ளி கூட்டுப்புழு ஒட்டுண்ணி. இரண்டுமே சரியில்லை. புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் பருவத்தைத்தான் அது தாக்கும். இதை மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போனால், நாலு விடைகளில் மூன்று சரி மாதிரியே தெரியும்.

நான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு நோட்டு. ஒவ்வொரு பூச்சிக்கும் மூன்று விஷயம் மட்டும்: இதை யார் தாக்குகிறார்கள், எந்தப் பருவத்தில், உள்ளிருந்தா வெளியிலிருந்தா. வாழ்க்கைச் சுழற்சி நாள்கணக்கு, இறக்கை நரம்பு எல்லாம் அதில் கிடையாது. உருவவியல் பிடித்தவர்களுக்கு இந்த வழி ஒத்துவராமல் போகலாம். எனக்குப் பட்டியல் நிற்காது, கதை நிற்கும்.

இது தோன்றிய இடம் ஒரு தென்னந்தோப்பு. திட்ட வேலையாகப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஓலையைத் தின்னும் கருந்தலைப் புழுவுக்கு எதிராகக் கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் என்ற குளவியை விடப் போயிருந்தோம். குப்பிக்குள் பார்த்தால் சின்னக் கறுப்பு எறும்பு போலத்தான் இருக்கும். தோப்புக்காரர் குப்பியைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இந்த எறும்பாட்டம் இருக்கிறதா மரத்தைக் காப்பாத்தப் போவுது?" என்றார். "புழுவைக் கொட்டி மயக்கிப் போட்டு, அது முதுகு மேலயே முட்டை வெச்சுட்டுக் காவலுக்கு உக்காந்துக்குமுங்கய்யா" என்றேன். அடுத்த முறை போனபோது ஓலையடியில் புழு கட்டிய நூலாம்படையைப் பிரித்தோம். அசையாத புழு, அதன் மேல் வரிசையாகச் சின்னஞ்சிறு முட்டைகள், பக்கத்திலேயே தாய்க்குளவி. லென்ஸைக் கிட்டே கொண்டு போனாலும் அது நகரவில்லை. அதற்கப்புறம் "பெத்திலிடே குடும்பம், புழுப் பருவம், வெளி ஒட்டுண்ணி" என்பதை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை.

கருந்தலைப் புழு ஒன்றை வைத்தே பருவம் பருவமாகப் போகலாம். புழுவுக்குக் கோனியோசஸும் பிரக்கானும், அதற்கடுத்து எலாஸ்மஸ், கூட்டுப்புழுவுக்கு பிராக்கிமேரியா. தோப்பில் எந்தப் பருவம் அதிகம் என்று பார்த்த பிறகுதான் எதை விடுவது என்று முடிவாகும். பொருத்துக கேள்விகளில் பாதி இந்த வரிசைதான்.

என் நோட்டில் அடிக்கடி புரட்டியவை:

- முட்டை: நெல் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம், இலைச்சுருட்டுப் புழுவுக்கு டி. கிலோனிஸ். மாற்றிப் போட்டுக் கேட்பார்கள்.
- படைப்புழு முட்டைக் குவியல்: டெலினோமஸ் ரீமஸ். முட்டைகள் அடுக்கடுக்காக, மேலே செதில் மூடியிருக்கும். அடி அடுக்குவரை போகக்கூடியது இதுதான்.
- முட்டையில் நுழைந்து புழுவில் முடிப்பவை: கீலோனஸ் பிளாக்பர்னி, உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியில் கோபிடோசோமா. பின்னதில் ஒரே முட்டை பிரிந்து பல உயிராகும், மறக்காதீர்கள்.
- இளம்புழு: காய்ப்புழுவுக்கு கேம்போலெடிஸ் குளோரிடியே.
- கரும்பில் சாறு உறிஞ்சும் பைரில்லா: எபிரிகேனியா. இது குளவி அல்ல, அந்துப்பூச்சி. நம்ப முடியாததால்தான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிகளுக்கு மட்டும் ஆண்டையும் சேர்த்தேன். பப்பாளி மாவுப்பூச்சி கோவையில் 2008-ல் தெரிந்தது. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிகள் வந்தன, அதில் அசெரோஃபேகஸ் பப்பாயே ஜெயித்தது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் திருச்சூரில். அதற்கு பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெஸி. பப்பாளிப் பூச்சியும் மரவள்ளியில் வரும் என்பதால் இரண்டும் குழம்பும். மக்காச்சோளப் படைப்புழு 2018, கர்நாடகம். தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016, பொள்ளாச்சி, அதற்கு ஒட்டுண்ணி என்கார்சியா குவாடலூபே. இவற்றுக்கெல்லாம் வெகு முன்பே, 1929-ல், பஞ்சுச் செதில் பூச்சியைத் தின்ன நீலகிரிக்கு வந்தது ரொடோலியா பொறிவண்டு.

பொருளாதார சேத நிலையை (இழப்பு மருந்துச் செலவுக்குச் சமமாகும் பூச்சி எண்ணிக்கை) மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள். மருந்தும் கூலியும் ஏக்கருக்கு 1,200 ரூபாய், நெல் கிலோ 24 ரூபாய் என்று வையுங்கள். 50 கிலோ போனால்தான் செலவுக்கு ஈடு. குத்துக்கு (ஒன்றாக நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு பூச்சி ஏக்கருக்கு 20 கிலோவைத் தின்றால், அந்த நிலை குத்துக்கு 2.5 பூச்சி. மருந்து 80 சதவீத இழப்பைத்தான் தடுக்கும் என்றால் 3.125. அந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மருந்தடிக்க வேண்டிய நிலை இதற்கும் கீழே இருக்கும், ஏனென்றால் மருந்து வாங்கி வரும்வரை பூச்சி காத்திருக்காது.

நெல்லில் சாறு உறிஞ்சும் புகையானில் இதே கணக்குக்குள் இயற்கை எதிரியும் வந்துவிடுகிறது. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி வந்ததுமே மருந்தடிக்க வேண்டும்; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். பைரெத்ராய்டு அடித்தால் சிலந்தியும் புகையானைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும், டெல்டாமெத்ரின் போன்றவை புகையானைக் கூடுதலாக முட்டையிடவும் தூண்டும், பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். இந்த ஒரு பத்தியில் சூழலியல், மருந்து, ஒருங்கிணைந்த மேலாண்மை மூன்றிலிருந்தும் கேள்வி எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள்.

மைனஸ் மார்க் பயம் பற்றி. தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்கினாலே கணக்கு நம் பக்கம் சாயும். "தெரியாததைத் தொடாதே" என்று சொல்லும் அண்ணன்களை மதிக்கிறேன், ஆனால் கேட்கவில்லை. பருவம் தெரிந்தால் இரண்டு விடை தானாக விழுந்துவிடும். நான் துணிந்து அடிக்கும் ஆள். கை நடுங்குபவர்கள் உங்கள் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக:

- சட்டங்கள்: அழிக்கும் பூச்சிகள் சட்டம் 1914, பூச்சிமருந்துச் சட்டம் 1968, அதன் விதிகள் 1971. அரை மணி நேர வேலை.
- மருந்துக் குழு எண்கள் (பூச்சியைக் கொல்லும் விதத்தை வைத்துக் கொடுத்தவை): 3ஏ, 4ஏ, 5, 6, 28 போதும். குளோரான்ட்ரனிலிப்ரோல் அடித்துவிட்டு அடுத்த முறை ஃப்ளூபெண்டியமைடு அடித்தால் மாற்றியதாக ஆகாது, இரண்டும் 28.
- சிலந்திப்பேன், நத்தை: விடாதீர்கள், பூச்சி இல்லை என்பதற்காகவே பலர் விடுகிறார்கள்.
- தேனீ, பட்டு, அரக்கு: நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன், பிழைத்தேன்.
- புள்ளியியல்: பரிந்துரைக்க என்னிடம் எதுவும் இல்லை.

பழைய வினாத்தாள் பார்க்கும்போது பெயர்களைக் கவனியுங்கள். பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளில் நொமுரேயா ரைலி இப்போது மெட்டாரைசியம் ரைலி. வெர்டிசிலியம் லெக்கானி பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறிவிட்டது. கரையானுக்குத் தனி வரிசை கிடையாது, கரப்பான் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். கேள்வி பழைய பெயரில் இருந்தால் அந்தக் காலத்துப் பாடத்தை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள். இரண்டு பெயரும் விடைகளில் இருந்தால் புதியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.