பர்ச்சேஸ் வேலையும் ஒரு சட்டப் பாடமும்

அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரிகள் சிலவற்றில் கொள்முதலுக்கும் ஒப்பந்த மேலாண்மைக்கும் என்றே இரண்டு வருட அசோசியேட் பட்டம் உண்டு. நம் ஊரில் பர்ச்சேஸுக்கு வருகிற பலர் பி.காமோ மெக்கானிக்கல் டிப்ளமோவோ முடித்து வந்து, சீனியர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொள்கிறோம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். வேலை நன்றாகப் பழகிய பிறகுதான் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோவுக்குப் பணம் கட்டினேன்.

ஸ்டாக் கணக்கெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. என்னைப் பிடித்து நிறுத்தியது சட்டப் பாடம். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 42-ஆம் பிரிவு: வந்த சரக்கை நியாயமான காலத்துக்குள் வேண்டாமென்று சொல்லாமல் வைத்துக்கொண்டால், வாங்கியவர் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

காஸ்டிங், அதாவது உருக்கி ஊற்றிய வார்ப்புப் பாகங்கள், வாங்குகிறவர்களுக்கு இந்த ‘நியாயமான காலம்’ லேசுப்பட்ட விஷயமில்லை. ஃபவுண்டரியிலிருந்து (வார்ப்புப் பட்டறையிலிருந்து) பம்ப்பின் வெளிக்கூடான கேசிங் வந்து இறங்கும். அளவு பார்ப்போம், விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போம், சரக்கு வந்துவிட்டது என்று ஜிஆர்என் ரசீது போட்டுவிடுவோம். ப்ளோ ஹோல் என்கிற காற்றுக்குமிழி ஓட்டை உள்ளே ஒளிந்திருக்கும். லேத்தில் ஏற்றி ஒரு கட் ஓட்டினால்தான் ஊசி குத்தியது மாதிரி வெளியே தெரியும். அந்த லாட் மெஷினுக்குப் போக இரண்டு மாதம்கூட ஆகலாம். திருப்பி அனுப்பினால் ஃபவுண்டரிக்காரர், “இத்தனை நாள் உங்க ஸ்டோர்லதான சார் கிடந்துச்சு, அப்பவே சொல்லியிருக்கலாமே” என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அப்புறம், மெஷினிங் கூலி யார் தலையில் என்ற தகராறு வேறு.

எங்கள் பிஓவின் (பர்ச்சேஸ் ஆர்டரின்) பின்பக்கம் பொடி எழுத்தில் ஏகப்பட்ட நிபந்தனைகள். இதைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. மேனேஜரிடம் பேசிச் சேர்த்தோம்: மெஷினிங்கில் தெரியவரும் குறைக்கு எத்தனை நாள் வரை மாற்றித் தர வேண்டும், கூலியில் யாருக்கு எவ்வளவு பங்கு. ஃபவுண்டரிக்காரர்கள் நாளைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள். அந்தப் பேச்சு ஆர்டருக்கு முன்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டத்தில் கடிகாரம் வேறு மாதிரி ஓடுகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்ற நாள். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டாமல் சரக்கு தந்த சிறு நிறுவனத்துக்குப் பணம் போக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதைப் படித்த பிறகு, பிஓவில் ‘90 நாள்’ என்று டைப் அடிக்கவே எனக்கு மனசு வருவதில்லை. பிக் அயர்ன் என்கிற மூல இரும்புக்கும் கரண்டுக்கும் ஃபவுண்டரிக்காரர் முன்கூட்டியே பணம் கட்டித்தான் நமக்குக் காஸ்டிங் ஊற்றித் தருகிறார்.

அக்கவுண்ட்ஸில் இதைச் சொன்னால் முன்பெல்லாம் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைக்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரி விதி வந்த பிறகு, வெண்டார்களின் உத்யம் சான்றிதழை (குறு, சிறு நிறுவனம் என்ற பதிவுச் சான்றை) அக்கவுண்ட்ஸ்காரர்களே என்னிடம் கேட்டு வாங்குகிறார்கள்.