182 நாள் தண்ணீரில் கிடந்த க்யூப்கள்

எங்கள் துறையின் கட்டுமான ஆராய்ச்சிக் கருத்தரங்கம் 2020 மார்ச் 26, 27 தேதிகளில் நடப்பதாக இருந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, நான்தான் ஒருங்கிணைப்பாளர். 62 கட்டுரைகள் வந்திருந்தன. ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று, பை தைக்கக் கொடுத்தாயிற்று, சமையல்காரருக்கு முன்பணமும் போயாயிற்று. கொரோனா பரவலால் மார்ச் 17-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகளை மூடினார்கள். "ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்" என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டேன். அவ்வளவு நம்பிக்கை!

மே மாதம்தான் இணைய வழியில் நடத்துவது என்று முடிவானது. எதில் நடத்துவது என்பதே பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஜூமில் இலவசக் கணக்கென்றால் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். போதாததற்கு, அது பாதுகாப்பானதல்ல என்று ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் சொன்னதிலிருந்து எங்கள் நிர்வாகத்துக்குத் தயக்கம். கூகுள் மீட்டை மே மாதம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பதிவுக் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஜூலையில் கட்டுரைகளின் இறுதி வடிவம் கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. போன் மேல் போன். எல்லாருக்கும் ஒரே பாட்டு: "மேடம், 28 நாள் ரிசல்ட் இல்ல."

கட்டுமானத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கான்கிரீட் ஆராய்ச்சியில் 150 மி.மீ. கனசதுரக் கட்டியாக க்யூப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, எவ்வளவு வலு என்று 7-ஆம் நாள் சிலவற்றையும் 28-ஆம் நாள் சிலவற்றையும் உடைத்துப் பார்ப்போம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் வலுவே 28 நாள் கணக்குதான். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் போட்ட க்யூப்களுக்கெல்லாம் அந்த நாள் பூட்டிய கல்லூரிக்குள்தான் வந்து போனது. கணினியில் மாதிரி செய்பவர்கள் வீட்டிலிருந்தே முடித்துவிட்டார்கள். க்யூப் உடைக்கிற இயந்திரத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மார்ச் 9-ஆம் தேதி க்யூப் போட்டாள். எம் 30 என்ற தரத்துக் கான்கிரீட், சிமென்டில் 30 சதவீதத்துக்குப் பதில் ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல். 16-ஆம் தேதி ஒரு பகுதியை உடைத்தாள். மறுநாள் கல்லூரி மூடியாயிற்று. ஊருக்குப் போனவள், வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் செய்து தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி கெஞ்சியிருக்கிறாள். அவரும் ஏப்ரல், மே வெயிலில் ஹோஸ் போட்டு நிரப்பியிருக்கிறார். செப்டம்பர் 7-ஆம் தேதி கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி வாங்கி வந்து அவள் உடைத்தபோது க்யூபுக்கு வயது 182 நாள்.

தளத்தில் ஆய்வு செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு மாணவர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கொத்தனார்களின் வேலை வேகத்தை அளந்துகொண்டிருந்தார். மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பும் ஷ்ராமிக் ரயில்கள் ஓடத் தொடங்கியதும், அவர் அளந்த ஆட்களில் பாதிப் பேர் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போய்விட்டார்கள். அந்தக் கட்டுரை கடைசிவரை வரவில்லை.

28 நாள் முடிவு இல்லாத கட்டுரையை எடுக்கலாமா என்று குழுவில் ஒரு மாலை முழுக்க வாதம். கூடாது என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் உடைத்த வயதைத் தலைப்பிலேயே போட்டால் எடுக்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 7 நாள் முடிவை வைத்து 28 நாளைக் 'கணக்குப் போட்டு' அனுப்பிய இரண்டு கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினோம். இன்னொன்றில் எல்லா முடிவும் அச்சுப் பிசகாமல் இருந்தது. க்யூப் போட்டது மார்ச் இரண்டாவது வாரம். எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில் உடைத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. நான்கு நாள் கழித்துக் கட்டுரையை விலக்கிக்கொள்வதாக ஒரு வரி மட்டும் வந்தது. கடைசியில் மிஞ்சியவை 41.

அக்டோபர் 9, 10 தேதிகளில் நடத்தினோம். முதல் நாள் பத்தரை மணிக்கே மின்சாரம் போனது, இன்வெர்ட்டர் காப்பாற்றியது. எல்லாரிடமும் முன்கூட்டியே வீடியோ வாங்கி வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். சிக்னலுக்காக மொட்டை மாடியில் குடை பிடித்து உட்கார்ந்து பேசியவர்களும் உண்டு. தேநீர் இடைவேளையில் அரட்டை அடிக்கட்டும் என்று தனியாக ஓர் இணைப்பு திறந்து வைத்தேன். வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் எங்கள் குழு. பஜ்ஜி இல்லாமல் யார் வருவார்?

182 நாள் க்யூபுக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம், ஓடியது முக்கால் மணி நேரம். ஏழாம் நாள் பின்தங்கியிருந்த ஃப்ளை ஆஷ் கலவை, 182-ஆம் நாள் சாதாரணக் கலவையைத் தாண்டியிருந்தது. ஃப்ளை ஆஷ் மெதுவாக வினைபுரியும், 28 நாளுக்கு அப்புறமும் வலு ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவ்வளவு நாள் யாரும் பொறுமையாக வைத்திருப்பதில்லை. "மே மாசம் தண்ணி குறைஞ்சிருக்காதாம்மா?" என்று தளப் பொறியாளர் ஒருவர் கேட்டார். தண்ணீர் குறைந்தது உண்மைதான், மேல் வரிசை மூன்று க்யூப் சில நாள் வெளியே தெரிந்ததாக வாட்ச்மேன் சொன்னார், அவற்றைச் சராசரியில் சேர்க்காமல் தனியாகக் காட்டியிருக்கிறேன் என்றாள். கூடாது என்று சொன்ன அந்தப் பேராசிரியர்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார், அதற்கடுத்ததையும்.

அடுத்த ஆண்டு கட்டுரை அழைப்பில் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்தேன்: க்யூப் போட்ட தேதி, உடைத்த தேதி.