கவுண்ட்டவுன்: 30 விநாடியும் ஒரு சுருட்டும்

ஆய்வகத்தில் காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போடும்போது மணி இரண்டு தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 'கவுண்ட்டவுன்' என்ற சொல், எண் போட்டி ஓடும். லீட்ஸுக்கு வந்த எட்டு வருடமாக அதைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரிதான் பார்த்துவந்தேன். போன ஜனவரியில் பள்ளி விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, நீ எப்பவும் கடிகாரம் நின்ன பிறகுதான் வார்த்தையைச் சொல்ற" என்றாள். உண்மைதான். அந்த வார்த்தைதான் உறுத்தி, இந்த ஆறு மாதப் பயிற்சியில் கொண்டுவந்து விட்டது.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 15 சுற்று. அதில் பத்து, எழுத்துச் சுற்று. உயிரெழுத்து வேண்டுமா மெய்யெழுத்து வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு ஒன்பது ஆங்கில எழுத்துகளை எடுப்பார்கள். 30 விநாடிக்குள் அவற்றிலிருந்து நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒன்பதையும் பயன்படுத்தினால் இரட்டிப்பாக 18. நான்கு சுற்று எண்கள். கடைசியாக ஒன்பது எழுத்தும் கலைந்து கிடக்கும் ஒரு புதிர். யார் முதலில் பட்டனை அழுத்திச் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு 10 புள்ளி. முதல்முறை ஓர் ஆட்டத்தில் வென்றால் பரிசு ஒரு டீபாட். பணமெல்லாம் கிடையாது. அந்த டீபாட்டுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை தனி.

1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் 4 தொடங்கியபோது அதில் வந்த முதல் நிகழ்ச்சியே இதுதான். மூலம் பிரான்சுக்காரர்களுடையது. அர்மான் ஜாமோ என்பவர் 1965இல் தொடங்கிய சொல் விளையாட்டில் பிறகு எண்களும் சேர்ந்தன. அதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009 வரை படப்பிடிப்பு நடந்ததும் எங்கள் லீட்ஸில்தான். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருமுறை பார்வையாளராகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்த கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்.

வாரம் 1 முதல் 3 வரை

முதலில் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினேன். பெயர் வேண்டாம். இரண்டு சுற்றுக்கு ஒரு விளம்பரம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது எந்த அகராதியை வைத்திருக்கிறது என்றே புரியவில்லை. தொலைக்காட்சியில் செல்லாத சொல்லை ஏற்றுக்கொண்டது, செல்லும் சொல்லைத் தப்பு என்றது. நாலு நாளில் அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் ஆப்டெரஸ் என்ற இணையதளம் கிடைத்தது. நிகழ்ச்சியின் முன்னாள் போட்டியாளர் ஒருவர் 2008இல் உருவாக்கியது. ஆப்டெரஸ் என்றால் 'இறக்கை இல்லாத' என்று பொருள், பூச்சிகளைப் பற்றிச் சொல்லும் சொல். எட்டு எழுத்து, அதாவது எட்டுப் புள்ளி. நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் பலர் இங்கேதான் தயாராகிறார்கள். இன்னொரு ஆளோடும் ஆடலாம், கணினியோடும் ஆடலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அந்த எழுத்துகளில் கிடைத்திருக்கக்கூடிய மிக நீளமான சொல்லைக் காட்டிவிடும். அதுதான் இதன் பலம். மனதைப் புண்படுத்துவதும் அதுதான்.

தனியாக ஆடிய முதல் முழு ஆட்டத்தில் 41 புள்ளி. நன்றாக ஆடுகிறவர்கள் 100 தாண்டுவார்கள். மூன்று வாரம் தினமும் இரண்டு ஆட்டம், கடிகாரத்தோடு. மூன்றாம் வாரக் கடைசியில் 44. அந்த 30 விநாடி இசை, ஆலன் ஹாக்‌ஷா அமைத்தது, கேட்கிற எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு மட்டும் அதன் கடைசி ஐந்து விநாடி வரும்போது, கையில் இருந்த ஆறு எழுத்துச் சொல்லும் நழுவிப் போகும்.

வாரம் 4

கடிகாரத்தை நிறுத்தினேன். பயிற்சியில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இது என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு வேகம் குறைவு என்று நினைத்துத்தான் கடிகாரத்தோடு மல்லுக்கட்டினேன். நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டபோதும் அதே ஆறு எழுத்துதான் வந்தது. சரி, குறை வேகத்தில் இல்லை, எப்படித் தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

திரையில் எழுத்துகள் இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கின்றன. கண்ணும் அதே வரிசையில் படித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைப் பிரிக்க மனம் வருவதில்லை. அதனால் ஒரு நோட்டு வாங்கி, ஒன்பது எழுத்தையும் வட்டமாக எழுத ஆரம்பித்தேன். 'இங்' என்று முடிகிற மூன்று எழுத்து இருந்தால் அவற்றை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சம் ஆறைப் பார்ப்பது. 'இயர்', 'எஸ்ட்' போன்ற வால்களுக்கும் அப்படியே. முன்னால் ஒட்டும் 'ரீ', 'அவுட்', 'ஓவர்' இன்னொரு பக்கம். தமிழில் விகுதியைப் பிரித்துப் பகுபதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்தாம் வகுப்பில் எனக்குப் பிடிக்காத பாடம் அது.

இந்த வாரம் வாய்பிளக்க வைத்தது ஒன்று. ட்ரையாங்கிள் என்ற சொல்லின் எட்டு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் இன்டக்ரல், ரிலேட்டிங், ஆல்டரிங், அலர்ட்டிங் எல்லாம் வரும். ஒரே எட்டு எழுத்து, ஐந்து சொல். இப்படிப்பட்ட கூட்டங்களை ஒன்றாகப் படித்து வைத்தால், ஒன்று தெரிந்தவுடன் மற்றவை தானாக நினைவுக்கு வருகின்றன. என் தொழிலும் கொஞ்சம் கைகொடுத்தது. ரெட்டினா, அதாவது விழித்திரை, எனக்குச் சட்டென்று கண்ணில் படும். அதோடு ஓர் எஸ் இருந்தால் ரெட்டினாஸ். அதே ஏழு எழுத்தில் ரிடெய்ன்ஸ், நாஸ்டியர்.

எல்லாவற்றிலும் எஸ்ஸை ஒட்டவும் முடியாது. அகராதி எண்ண முடியாத பெயர் என்று குறித்த சொல்லுக்குப் பன்மை செல்லாது. முதல் மாதத்தில் இப்படி மட்டும் எத்தனை பூஜ்யம் வாங்கினேன் என்று எண்ணவில்லை. நிகழ்ச்சியின் அகராதி மேசையில் 1992 முதல் இருக்கும் சூசி டென்ட் இந்த மாதிரிச் சொற்களை மறுக்கும்போது காட்டும் வருத்தம்கூட இணையதளத்திடம் இல்லை. சிவப்பாக ஒரு பூஜ்யம், அவ்வளவுதான்.

(இடையில் ஒரு சங்கடம். இந்தக் குறிப்புகளை நோட்டில் தமிழில் எழுதப் பார்த்தேன். 'பி' என்று எழுதினால் ஆங்கில இரண்டாம் எழுத்தா பதினாறாம் எழுத்தா? 'டி'யிலும் இரண்டு. அந்த யோசனையைக் கைவிட்டேன்.)

வாரம் 6 முதல் 10 வரை

எண்களுக்கு வருகிறேன். தாமதமாகத் தொடங்குகிறவர்கள் இதில்தான் முதலில் புள்ளி பார்க்க முடியும். சொற்களுக்கு முடிவே இல்லை, எண்கள் மொத்தமே 24 சீட்டு. பெரியவை நான்கு: 25, 50, 75, 100. சிறியவை 1 முதல் 10 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு. பெரியது எத்தனை, சிறியது எத்தனை என்று நாம் சொல்லலாம், ஆறு சீட்டு வரும். மூன்று இலக்க இலக்கு ஒன்று திரையில் விழும். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். ஒரு சீட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இலக்கை அப்படியே தொட்டால் 10, ஐந்துக்குள் நெருங்கினால் 7, பத்துக்குள் என்றால் 5.

எனக்கு வந்த ஓர் ஆட்டம்: 50, 75, 3, 9, 2, 7. இலக்கு 683. நான் 7 × 2 = 14, அதை 50ஆல் பெருக்கி 700, ஒன்பதையும் மூன்றையும் கழித்து 688 என்று நிறுத்தினேன். ஐந்து தள்ளி, 7 புள்ளி. திரை காட்டிய விடை: 75 × 9 = 675. அதோடு 3, 7 கூட்டி 2 கழித்தால் 683. இதில் கஷ்டமே இல்லை. எனக்கு 75ஆம் வாய்ப்பாடு தெரியாது, அவ்வளவுதான்.

எனவே வாய்ப்பாடு. 75, 150, 225 என்று 975 வரை ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். 25ஆம் வாய்ப்பாட்டை 40 வரைக்கும். பேருந்தில் போகும்போது முன்னால் போகிற வண்டிகளின் பதிவெண்ணில் ஏதாவது மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து 75 எது என்று பார்ப்பேன். மூன்றே வாரத்தில் எண் சுற்றுகளில் பாதிக்கு மேல் 10 விழ ஆரம்பித்தது.

அடுத்த படியைக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய ஆட்டம். 1990களில் ஒரு போட்டியாளர் போட்ட கணக்கு, இன்றும் இணையத்தில் எல்லோரும் பார்ப்பது. சீட்டுகள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. அவர் செய்தது: 100 + 6 = 106. அதை மூன்றால் பெருக்கி 318. அதை 75ஆல் பெருக்கி 23,850. ஐம்பதைக் கழித்து 23,800. 25ஆல் வகுத்தால் 952. பார்த்தவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

நானும் முதலில் இதை ஏதோ மனக்கணக்கு மாயம் என்றுதான் நினைத்தேன். நோட்டில் பிரித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. உண்மையில் அந்தக் கணக்கு 106 × 9 = 954, அதில் 2 போனால் 952 என்பதுதான். ஒன்பதுக்கு வழி: 75ஐ 25ஆல் வகுத்தால் 3, அதைக் கையில் உள்ள 3ஆல் பெருக்குவது. இரண்டுக்கு வழி: 50ஐ 25ஆல் வகுப்பது. ஆனால் 25 ஒன்றுதானே இருக்கிறது, இரண்டு இடத்தில் வகுக்க எங்கே போவது? வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். எல்லாவற்றையும் 25 மடங்கு பெரிதாகச் செய்துவிட்டு முடிவில் ஒரே வெட்டு. ஒரு சீட்டு இரண்டு வேலை பார்த்துவிட்டது. அது அவருக்கு எந்த வரிசையில் தோன்றியது என்று எனக்குச் சொல்ல முடியாது, ஆனால் அந்த ராத்திரி நான் தூங்கப் போனபோது மணி ஒன்று.

அதன் சின்னத் தம்பி ஒன்றை இப்போது அடிக்கடி பயன்படுத்துகிறேன். 928 வேண்டும், கையில் 100, 9, 3, 1 இருக்கிறது என்றால், 900 செய்துவிட்டு மிச்சம் 28க்கு அலையக் கூடாது. பெருக்குவதற்கு முன்பே மூன்றைக் கூட்டிவிடு: 103 × 9 = 927, ஒன்றைக் கூட்டினால் முடிந்தது. ஒன்பது இங்கேயும் இரட்டை வேலை பார்க்கிறது.

வாரம் 13

கடிகாரத்தை மறுபடி கொண்டுவந்தேன். முதல் ஆட்டம் 63. இசை அதேதான், ஆனால் இப்போது முதல் பத்து விநாடியில் வால்களைப் பிரித்துவிடுவதால் கடைசி ஐந்தில் பதற ஒன்றும் இல்லை. கலைந்த புதிர் மட்டும் இன்றுவரை கைவரவில்லை. அதற்கென்று தனியாக நூறு புதிர் போட்டும் ஐந்தில் ஒன்றுதான் விழுகிறது. மகள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாள். எப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். 2012இல் தொடங்கிய, பெரியவர்களுக்கான நகைச்சுவை கலந்த கவுண்ட்டவுன் நிகழ்ச்சியைப் பார்த்துக் கற்றேன் என்றாள். அதை யார் அவளைப் பார்க்கவிட்டது என்று வீட்டில் ஒரு விசாரணை நடந்தது.

வாரம் 19

அந்தச் சுருட்டு. எழுத்துகளில் இரண்டு ஓ, ஓர் ஈ, சி, எச், ஆர், டீ (T). யாரோ ஒருவரோடு நேரலை ஆட்டம். எனக்கு 'ஷெரூட்' தெரிந்தது. தாத்தா பிடித்த சுருட்டுதான் ஆங்கிலத்தில் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏழு எழுத்து. எதிராளி ஆறோடு நின்றுவிட்டார். அன்று இரவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை அகராதியில் தேடினேன். கட்டுமரம் அங்கே கேட்டமரான், சரியாக ஒன்பது எழுத்து. வாசனைச் செடி பச்சுளி அங்கே பட்சூலி, அதுவும் ஒன்பது. ஆளுக்கு 18 புள்ளி. இரண்டும் எனக்கு இன்னும் ஒருமுறைகூட வந்ததில்லை, ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாரம் 24

இப்போது சராசரி 74. இதுவரை அதிகம் 88. போன ஞாயிறு மகள், இதைத் தமிழில் ஆடலாமா என்றாள். 247 எழுத்துக்கும் சீட்டு வெட்டினால் ஒன்பதை எடுத்ததும் 'ஙொ'வும் 'ஞூ'வும் வந்து நிற்கும். அதனால் உயிரையும் மெய்யையும் தனித்தனியாக வெட்டினோம். ம், அ, ர், அ, ம் என்று அடுக்கினால் மரம். ஆட்டம் உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் 'படகு' போட்டாள், ஆறு சீட்டு. சுருட்டு தமிழிலும் ஏழு சீட்டுதான், எண்ணிப் பார்த்தோம். கட்டுமரத்துக்கு மட்டும் பத்து வேண்டும். ஒரு சீட்டில் 18 புள்ளி போச்சு.

அகர, உகரச் சீட்டுகள்தான் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. இன்று ராத்திரி இன்னும் எட்டு வெட்ட வேண்டும்.